அழுத்த வேறுபாடு 40-ஐத் தொடாத வால்வுகள்: எக்கோ அறிக்கை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) அறிக்கைக்கான படிவங்களை வகுக்கும் இதயவியல் சங்கத்தாருக்கும், நாள்தோறும் அந்த அறிக்கைகளில் கையெழுத்திடும் இதய மருத்துவர்களுக்கும், கருவியைக் கையில் பிடித்து அளவெடுக்கும் எக்கோ தொழில்நுட்பர்களுக்கும்,

வணக்கம்.

நான் இதய நிபுணர் இல்லை. முதியவர்களைப் பார்க்கும் பொது மருத்துவர். நடந்தால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சை அடைக்கிறது, எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது என்று வருபவர்களின் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, கழுத்துவரை ஏறும் அந்தக் கரகரப்பான முணுமுணுப்பைக் கேட்டுவிட்டு எக்கோவுக்குச் சீட்டு எழுதி அனுப்புவது என் வேலை. திரும்பி வரும் அறிக்கையின் கடைசி வரியை வைத்துத்தான், அந்த நோயாளியை அறுவை மருத்துவரிடமோ வால்வு சிகிச்சைக் குழுவிடமோ அனுப்புவதா, அடுத்த ஆண்டு வரச் சொல்வதா என்று முடிவெடுக்கிறேன். அந்தக் கடைசி வரியைப் பற்றியதே இந்த மடல்.

சில ஆண்டுகளுக்கு முன் 78 வயதான ஓர் அம்மா என்னிடம் வந்தார். "போன வருஷம் பன்னிரண்டாவது படியில் நின்று மூச்சு வாங்குவேன் டாக்டர், இப்போது எட்டாவது படியிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறேன்" என்றார். நோயின் வளர்ச்சியை இவ்வளவு துல்லியமாக அளந்து சொன்ன வேறொருவரை நான் பார்த்ததில்லை. எக்கோ அறிக்கை இப்படி இருந்தது: இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் வெளியேறும் வாயிலான அயோர்டிக் வால்வின் திறப்புப் பரப்பு 0.7 சதுர சென்டிமீட்டர். வால்வைக் கடக்கும் ரத்தத்தின் உச்ச வேகம் வினாடிக்கு 3.3 மீட்டர், சராசரி அழுத்த வேறுபாடு 26 மில்லிமீட்டர் பாதரசம், பம்பிங் (இடது கீழறையில் உள்ள ரத்தத்தில் ஒரு துடிப்பில் வெளியேறும் பங்கு) 64 சதவீதம். கடைசி வரி: "மிதமான அயோர்டிக் வால்வுக் குறுக்கம், ஓராண்டு கழித்து மீண்டும் எக்கோ." நானும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டு, மூச்சு வாங்குவதற்கு வயதையும் ரத்த அழுத்தத்தையும் காரணம் சொல்லி அனுப்பிவிட்டேன். பிழையில் என் பங்கை முதலிலேயே ஒப்புக்கொண்டுதான் உங்களிடம் பேச வருகிறேன்.

தீவிரக் குறுக்கம் என்பதற்கு நாம் வைத்திருக்கும் மூன்று எல்லைகளை நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள்: பரப்பு 1.0 சதுர சென்டிமீட்டர் அல்லது அதற்குக் கீழ், உச்ச வேகம் வினாடிக்கு 4 மீட்டர் அல்லது அதற்கு மேல், சராசரி அழுத்த வேறுபாடு 40 அல்லது அதற்கு மேல். மூன்றும் ஒரே திசையில் கைகாட்டினால் சிக்கலே இல்லை. ஆனால் இந்த மூன்றில் பரப்பு மட்டுமே வால்வைப் பற்றியது. மற்ற இரண்டும் வால்வையும் அதன் வழியே போகும் ரத்தத்தின் அளவையும் சேர்த்துப் பேசுபவை. மடை எவ்வளவு குறுகலாக இருந்தாலும், வரும் தண்ணீரே குறைவென்றால் அந்தக் குறுகல் பாய்ச்சலின் வேகத்தில் தெரியாது. அழுத்த வேறுபாடு ஓட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்து மாறுவதால், பரப்பு மாறாமல் ஓட்டம் மட்டும் 30 சதவீதம் குறைந்தாலே 50 இருக்க வேண்டிய அழுத்த வேறுபாடு 25-க்கு இறங்கிவிடும். அப்போது வால்வு கல்லாகிக் கிடக்கும். எண்ணோ மிதம் என்று சொல்லும்.

போதாததற்கு, இந்த எல்லைகள் தங்களுக்குள்ளேயே பொருந்தியவை அல்ல. கோர்லின் தந்தையும் மகனும் 1951-இல் தந்த சூத்திரத்தில் எண்களைப் போட்டுப் பார்த்தால், இயல்பான ஓட்டம் உள்ள ஒருவருக்கு 1.0 பரப்பு தரும் சராசரி அழுத்த வேறுபாடு ஏறத்தாழ 30 அல்லது அதற்கும் குறைவு. 40-ஐத் தொடுவதற்குப் பரப்பு 0.8-க்கு அருகில் சுருங்க வேண்டும். ஆகவே பரப்பு தீவிரம் என்றும் அழுத்தம் மிதம் என்றும் சொல்லும் அறிக்கைகள் அபூர்வமானவை அல்ல. அவை வந்துகொண்டேதான் இருக்கும். அப்படி வரும்போது, இரண்டில் எதை நம்புவது என்ற கேள்வியை அறிக்கையிலேயே எழுப்பாமல், ஒன்றைப் பேசாமல் விட்டுவிட்டு மற்றொன்றை முடிவாக எழுதிவிடுவதுதான் என் முறையீட்டின் மையம்.

அந்த அம்மாவின் அறிக்கைக்கு வருகிறேன். முதல் முறை நான் திருப்பிப் பார்க்காத இரண்டாம் பக்கத்தில் ஓர் அட்டவணை இருந்தது. இடது வென்ட்ரிக்கிளின், அதாவது இடது கீழறையின், வெளியேறு பாதையின் விட்டம் 1.9 சென்டிமீட்டர், அங்கே ரத்தத்தின் வேகத்தை அளக்கும் டாப்ளர் காட்டிய ஒரு துடிப்பின் வேகத்தின் தொகை 18 சென்டிமீட்டர். அந்த விட்டம் தரும் வட்டப் பரப்பை இந்தத் தொகையால் பெருக்கிப் பார்த்தால் ஒரு துடிப்பில் வெளியேறும் ரத்தம் 51 மில்லிலிட்டர். அவருடைய உடற்பரப்பு 1.55 சதுர மீட்டர். வகுத்தால் 33. ஒரு சதுர மீட்டருக்கு 35 மில்லிலிட்டருக்குக் கீழே போனால் குறை ஓட்டம் என்பது நீங்களே வகுத்த வரையறை. பம்பிங் 64 சதவீதம் என்ற நிம்மதியான எண்ணுக்குப் பின்னால், 14 மில்லிமீட்டர் தடித்த சுவரும், அந்தச் சுவர் விழுங்கியது போக மிஞ்சிய சிறிய உள்ளறையும் இருந்தன. சிறிய அறை, வந்த கொஞ்ச ரத்தத்தில் 64 சதவீதத்தை ஒழுங்காகத் தள்ளிக்கொண்டிருந்தது. வந்ததே கொஞ்சம் என்பதைச் சதவீதம் சொல்லாது. அறிக்கை எழுதியவரிடம் எல்லா எண்களும் இருந்தன. ஒரே ஒரு பெருக்கலும் ஒரு வகுத்தலும்தான் பாக்கி.

பம்பிங் நன்றாக இருந்தும் ஓட்டம் குறைந்த இந்த வகையைக் கியூபெக் ஆய்வாளர்கள் 2007-இல் விரிவாக எடுத்துக்காட்டி, முரண்பட்ட குறை ஓட்ட வகை என்று பெயரிட்டார்கள். வயதான பெண்கள், நெடுநாள் ரத்த அழுத்தம் உள்ளவர்கள், மேல் அறைகள் ஒழுங்கின்றித் துடிப்பவர்கள், மைட்ரல் வால்விலும் கசிவோ குறுக்கமோ உள்ளவர்கள் ஆகியோரிடம் இது அதிகம். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: ஓட்டம் குறைந்தவரிடம் முணுமுணுப்பும் மெலிந்தே கேட்கும் என்பதால், என்னைப் போன்றவரின் காதும் இங்கே ஏமாறும். எங்கள் காது ஏமாறும் இடத்தில்தான் உங்கள் அறிக்கை எங்களுக்குக் கண்ணாக வேண்டும்.

குறை ஓட்டம் என்று எழுதுவதற்கு முன்னால் அந்த எண்ணையே சந்தேகிக்க வேண்டும் என்பதையும் நான் அறிவேன். நீங்கள் தயங்குவதற்கு நியாயமான காரணமும் அதுவே. வெளியேறு பாதையின் விட்டம் சூத்திரத்தில் இரு மடியாக நுழைகிறது. 2.0 சென்டிமீட்டரை 1.8 என்று அளந்துவிட்டால், வெறும் 2 மில்லிமீட்டர் பிழை, பரப்பில் 19 சதவீதக் குறைவாகிவிடும், 1.1 என்ற மிதமான வால்வு 0.9 என்ற தீவிர வால்வாக மாறிவிடும். அந்தப் பாதை உண்மையில் நீள்வட்டம். நாம் வட்டம் என்று வைத்துக் கணக்கிடுவதால் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுகிறோம். உச்ச வேகத்தை மார்பின் நுனிச் சாளரத்தில் (சாளரம் என்பது மார்பில் கருவியை வைத்துப் பார்க்கும் இடம்) மட்டும் தேடிவிட்டு நிறுத்தினால், வலது மார்பெலும்போரச் சாளரத்தில் கிடைத்திருக்கக்கூடிய இன்னும் உயர்ந்த வேகம் தவறிப்போகும். அந்த உயர்ந்த வேகம் 4-ஐத் தாண்டியிருந்தால் பிரச்சினையே அங்கு முடிந்திருக்கும். வலப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து, சிறிய பென்சில் முனைக் கருவியால் அங்கே தேடுவதற்கு ஐந்து நிமிடம் ஆகும். வரிசையில் இருபது பேர் காத்திருக்கும்போது அந்த ஐந்து நிமிடம் எவ்வளவு பெரியது என்பது எனக்கும் தெரியும். ஆயினும் எந்தெந்தச் சாளரங்களில் தேடினோம் என்று அறிக்கையில் எழுதுவதற்கு ஐந்து விநாடிதான் ஆகும்.

அளவெடுத்த நேரத்து ரத்த அழுத்தத்தையும் எழுதுங்கள். அந்த அம்மாவுக்கு அன்று மேல் அழுத்தம் 170 இருந்ததாக நான் எழுதி அனுப்பிய சீட்டில் இருக்கிறது. உங்கள் அறிக்கையில் இல்லை. இடது வென்ட்ரிக்கிள் வால்வின் தடையோடு, இறுகிய தமனிகளின் தடையையும் எதிர்த்துத் தள்ளும்போது ஓட்டம் குறைவது இயல்பு. அழுத்தத்தைக் கட்டுக்குள் கொண்டுவந்து மறுபடி அளந்தால் படமே மாறக்கூடும். அந்த அம்மாவுக்கு 135-இல் அளந்தபோதும் எண்கள் அதிகம் மாறவில்லை. ஆனால் அப்படி அளந்து பார்த்தது இரண்டாண்டு கழித்து.

பம்பிங் 50 சதவீதத்துக்குக் கீழே உள்ளவர்களின் குறை ஓட்டம் உங்களுக்குப் பழகிய வகை. அங்கே குறை அழுத்தத்தை யாரும் அவ்வளவு எளிதில் நம்பிவிடுவதில்லை. இதயத் தசையின் சுருக்கத்தை வலுப்படுத்தும் டோபுட்டமைன் மருந்தை நிமிடத்துக்குக் கிலோவுக்கு 5 மைக்ரோகிராமில் தொடங்கி 20-க்கு மேல் போகாமல் ஏற்றி, ஓட்டம் கூடும்போது வால்வு என்ன செய்கிறது என்று பார்க்கிறீர்கள். அழுத்த வேறுபாடு 40-ஐத் தாண்டியும் பரப்பு 1.0-க்குள்ளேயே நின்றால் உண்மையான தீவிரம். பரப்பு விரிந்து 1.0-ஐத் தாண்டி, அழுத்தம் 40-க்குக் கீழேயே நின்றால் போலித் தீவிரம்: தளர்ந்த தசையால் முழுதாகத் திறக்கப்படாத மிதமான வால்வு. முதலாமவருக்கு வால்வை மாற்ற வேண்டும். இரண்டாமவருக்கு இதயத் தளர்ச்சிக்கான மருந்துகளைச் சரியாகக் கொடுத்துக் கண்காணிக்க வேண்டும். இரண்டு பேரின் ஓய்வு நிலை எக்கோவும் ஒரே மாதிரி இருக்கும் என்பதுதான் இதில் உள்ள அபாயம்.

தொல்லை தருபவர்கள் மூன்றாம் கூட்டம்: டோபுட்டமைன் கொடுத்தும் ஒரு துடிப்பின் ரத்த அளவு 20 சதவீதம்கூடக் கூடாதவர்கள். ஓட்டக் கையிருப்பு இல்லை என்ற ஒரு வாக்கியத்தோடு அறிக்கை முடிந்துவிடுகிறது. படிக்கும் பொது மருத்துவர் அதைக் கைவிரிப்பாக எடுத்துக்கொள்கிறார். இப்படிப்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் மார்பைத் திறந்து செய்யும் அறுவையிலேயே இறந்ததாக 2003-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு காட்டியது உண்மை. ஆனால் தொடை வழியாக வால்வைப் பொருத்தும் டாவி முறை வந்தபின், கையிருப்பு இன்மை சிகிச்சைக்குப் பிந்தைய விளைவை முன்கூட்டிச் சொல்வதில்லை என்று 2018-இல் வெளியான டோபாஸ்-டாவி பதிவேடு காட்டியிருக்கிறது. ஆகவே கையிருப்பு இல்லை என்ற சொல்லுக்குப் பின் வர வேண்டியது முற்றுப்புள்ளி அல்ல, "சி.டி.யில் கால்சியம் அளவு பார்க்கவும்" என்ற பரிந்துரை.

வால்வில் படிந்த கால்சியத்தை அளக்கும் அந்தச் சி.டி.யைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. சாய மருந்து வேண்டாம், சிறுநீரகத்துக்குக் கெடுதல் இல்லை, சில விநாடிகளில் முடிந்துவிடும், ஓட்டம் குறைந்தாலும் கூடினாலும் விடை மாறாது. கால்சியத்தை எண்ணால் குறிக்கும் அகாட்ஸ்டன் அலகில், ஆணுக்கு 2000-உம் பெண்ணுக்கு 1200-உம் தீவிரக் குறுக்கம் இருக்கக்கூடும் என்பதன் எல்லைகள். ஆணுக்கு 3000, பெண்ணுக்கு 1600 தாண்டினால் ஏறக்குறைய உறுதி. ஆணுக்கு 1600-க்கும் பெண்ணுக்கு 800-க்கும் கீழே இருந்தால் தீவிரம் இருக்க வாய்ப்புக் குறைவு. பெண்களின் வால்வு கால்சியத்தை விட நார்த்திசுவால் அதிகம் இறுகுவதால்தான் இந்த வேறுபாடு. அந்த அம்மாவுக்குக் கடைசியில் சி.டி. எடுத்தபோது 1900 வந்தது. அதற்கு வந்த குறிப்பு: "2000-க்குக் கீழ், தீவிர எல்லைக்குள் இல்லை." ஆணின் அளவுகோலால் ஒரு பெண்ணை அளந்து இரண்டாம் முறையும் வீட்டுக்கு அனுப்பப் பார்த்தார்கள். 1900 அவருக்கு எல்லையில் நிற்கும் எண் அல்ல. உறுதி என்ற கோட்டையும் தாண்டிய எண். பாலினம் குறிப்பிடாமல் கால்சியம் எண்ணை அச்சிடுவதைப் படிவத்திலேயே தடுத்துவிட முடியும். அதே நேரம், வாதக் காய்ச்சலால் ஒட்டிக்கொண்ட வால்விலோ, இளம் வயதினரின் ஈரிதழ் வால்விலோ கால்சியம் குறைவாக இருந்தும் குறுக்கம் கடுமையாக இருக்கலாம் என்ற எச்சரிக்கையும் ஓரத்தில் இருக்க வேண்டும்.

ஓட்டமும் இயல்பு, பம்பிங்கும் இயல்பு, பரப்பு மட்டும் 0.9 என்று வருபவர்கள் நான்காம் வகை. அளவுப் பிழையும் சிறிய உடலும் விலக்கப்பட்டபின், இவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது மிதமான குறுக்கம்தான். இவர்களை அவசரப்பட்டு அனுப்ப வேண்டியதில்லை, தொடர்ந்து பார்த்தால் போதும். ஓட்டம் 33-ஆ 43-ஆ என்று தெரிந்தால்தான் அந்த நிம்மதியும் எங்களுக்குக் கிடைக்கும்.

தடித்த சுவர், குறை ஓட்டம், முதுமை மூன்றும் சேர்ந்தால் அமிலாய்டு (தவறாக மடிந்த புரதம் உறுப்புகளில் படியும் நோய்) என்ற சொல்லையும் ஒரு முறை நினைத்துப் பாருங்கள். டாவிக்கு வரும் முதியவர்களில் ஏறத்தாழ எட்டில் ஒருவருக்கு டிரான்ஸ்தைரெடின் அமிலாய்டு இதயத் தசையில் படிந்திருப்பதைத் தேடிப் பார்த்த ஆய்வுகள் கண்டிருக்கின்றன. மணிக்கட்டு நரம்பு அழுந்தி இரு கைகளிலும் அறுவை செய்துகொண்ட வரலாறு, சுவர் தடித்திருந்தும் ஈ.சி.ஜி.யில் அலைகள் குட்டையாக இருப்பது போன்றவை குறிப்புகள். டெக்னீசியம் ஸ்கேனும், மற்றொரு வகையான அமிலாய்டை விலக்கும் ரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகளும் விடை சொல்லும். அமிலாய்டு இருப்பதாலேயே வால்வை மாற்றுவது வீண் என்று ஒதுக்குவதும் தவறு. அப்படிப்பட்டவர்களும் டாவியால் பயனடைவதாகவே தெரிகிறது.

இவ்வளவு பகுத்துப் பார்ப்பது எதற்கு என்று கேட்கலாம். தீவிரக் குறுக்கத்துக்கு மருந்து கிடையாது என்பதே விடை. ஸ்டாட்டின் மாத்திரை இந்த நோயின் வளர்ச்சியைத் தடுக்குமா என்று பார்த்த ஆய்வுகள், 2008-இல் வெளியான சீஸ் ஆய்வு உட்பட, கைவிரித்துவிட்டன. வால்வை மாற்றுவது ஒன்றே வழி. 2002 ஏப்ரலில் பிரான்சின் ரூவான் நகரில் அலென் கிரிபியே முதல் டாவியைச் செய்யும் வரை, அறுவையைத் தாங்க மாட்டார் என்று ஒதுக்கப்பட்டவருக்கு வேறு நம்பிக்கை இல்லை. 2010-இல் வெளியான பார்ட்னர் ஆய்வில், அறுவைக்கு இயலாதவர்களுள் வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 50.7 சதவீதத்தினர் ஓராண்டுக்குள் இறந்தார்கள். டாவி செய்துகொண்டவர்களில் 30.7 சதவீதம். அறிகுறிகள் தொடங்கியபின் காத்திருப்பதற்கு என்ன விலை என்பதற்கு இதைவிடத் தெளிவான எண் எனக்குத் தெரியாது.

எந்த வழியில் மாற்றுவது என்பதில் உங்கள் வழிகாட்டு நெறிகளிலேயே சிறு வேறுபாடுகள் உண்டு: 2020-இன் அமெரிக்க நெறி 65-க்குக் கீழே அறுவை, 80-க்கு மேலே டாவி, இடையில் கலந்து பேசி முடிவு என்கிறது, 2021-இன் ஐரோப்பிய நெறி 75-ஐக் கோடாக வைத்தது. ஈரிதழ் வால்வா, பெருந்தமனி வீங்கியிருக்கிறதா, தொடைத் தமனி வழிவிடுமா, மற்றொரு வால்வையும் பழுதுபார்க்க வேண்டுமா என்பவை வயதுக்கு இணையான கேள்விகள். அவற்றை வால்வு குழு பார்த்துக்கொள்ளட்டும். என் கவலை அதற்கு முந்தைய படி. அறிகுறியுள்ள குறை ஓட்டக் குறை அழுத்த நோயாளிக்கு, வால்வே காரணம் என்று தெளிந்தால், மாற்றுவதை மேற்சொன்ன இரு நெறிகளும் ஆதரிக்கின்றன. பம்பிங் நன்றாக உள்ள வகைக்கு அமெரிக்க நெறி ஒரு படி அழுத்தமாகவும் ஐரோப்பிய நெறி ஒரு படி தயக்கத்தோடும் சொல்கின்றன, அவ்வளவே. ஆனால் மிதம் என்ற சொல்லோடு வரும் அறிக்கை, நோயாளியை அந்தக் குழுவின் வாசலுக்கே வரவிடுவதில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இது. பரப்பு 1.0-க்குக் கீழும் அழுத்த வேறுபாடு 40-க்குக் கீழும் ஒன்றாக வரும் ஒவ்வொரு அறிக்கையிலும், உடற்பரப்புக்கு வகுத்த ஓட்ட அளவை முதல் பக்கத்தில், பம்பிங் சதவீதத்துக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். மிதம், தீவிரம் என்ற ஒற்றைச் சொல்லை அங்கே கட்டாயப்படுத்தாதீர்கள். "அளவுகள் முரண்படுகின்றன, குறை ஓட்டம், தீவிரம் விலக்கப்படவில்லை" என்று எழுதுவது தயக்கம் அல்ல, நேர்மை. அடுத்து எந்தச் சோதனை என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள்: பம்பிங் குறைந்தவருக்கு டோபுட்டமைன், நன்றாக உள்ளவருக்கும் கையிருப்பு இல்லாதவருக்கும் கால்சியம் சி.டி. மேல் அறை ஒழுங்கின்றித் துடிப்பவரிடம் எத்தனை துடிப்புகளைச் சராசரி எடுத்தீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள். இவற்றில் எதற்கும் புதிய கருவி தேவையில்லை. படிவத்தில் நான்கு கட்டங்கள் கூடுதலாக வேண்டும். அவை நிரப்பப்படாமல் அறிக்கையை முடிக்க முடியாதபடி மென்பொருளை அமைத்தால் இன்னும் நல்லது.

அந்த அம்மாவுக்கு 80 வயதில் டாவி செய்யப்பட்டது. இப்போது பன்னிரண்டு படியையும் ஏறிவிடுகிறார், ஆனால் மெதுவாக. சுவரின் தடிப்பு முழுதாகக் குறையவில்லை, அது குறையும் என்று நான் அவரிடம் சொல்லவும் இல்லை. அவருடைய சம்மதத்தோடு, பெயரை நீக்கி, முதல் எக்கோ அறிக்கையின் இரண்டு பக்கங்களையும் படிவங்களை வகுக்கும் உங்கள் குழுவுக்குத் தனியே அனுப்பிவைக்கிறேன். 1.9 என்ற விட்டம் இரண்டாம் பக்கத்தில் மூன்றாவது வரியில் இருக்கிறது. 18 அதற்கு அடுத்த வரியில்.

இப்படிக்கு,
முதியோரைப் பார்க்கும் ஒரு பொது மருத்துவர்